தரைப்பாலத்து ஞாயிறுகள்

என் கல்யாணத்துக்கு மாமனார் வரவில்லை. மகள் தானாகத் தேடிக்கொண்ட மாப்பிள்ளையைப் பார்க்க அவருக்கு விருப்பமில்லை. ராமநாதபுரத்தில் அவர் வீட்டிலிருந்து சில தெருக்கள் தள்ளித்தான் நாங்கள் குடியேறினோம். கடைத்தெருவில் நான் எதிரே வந்தால் பக்கத்திலிருக்கும் மருந்துக் கடைக்குள் போய்விடுவார். ஒன்றும் வாங்காமல் வெளியே வரக் கூச்சம். அதனால் அவர் வீட்டில் தலைவலி மாத்திரைக்குப் பஞ்சமே இல்லை என்று கேள்விப்பட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் அபிராமம். கண்மாயில் தூண்டில் போட்டு வளர்ந்தவன். இங்கே அரசு வேலைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஊருக்குத் தெற்கே, ஆறு கடலைச் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தரைப்பாலம் இருக்கிறது. நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கிற இடம். மடவையும் கெளுத்தியும் கிடைக்கும். மழைக்காலம் முடிந்தால் கடலிலிருந்து கொடுவா ஏறி வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தூண்டில்காரர்கள் பாலத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நான் முதல்முறை போன அன்று அந்த வரிசையில் மாமனாரும் இருந்தார். பாலத்தில் மருந்துக் கடை கிடையாது. அவர் கிழக்கு முனையில் இருந்தார். நான் மேற்கு முனைக்குப் போய் உட்கார்ந்தேன்.

பல வாரம் கழித்து அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "சார், தக்கை முங்குது."

முங்கியது மடவை. அதன் பிறகு பேச்சு வந்தது, ஆனால் ஆற்றைப் பற்றி மட்டும். தண்ணீர் ஏறுகிறதா, இறங்குகிறதா, இன்று இறால் வைக்கலாமா, புழு வைக்கலாமா. மகளைப் பற்றி ஒரு சொல் கிடையாது. எப்போதாவது மீன் சிக்கினால் ஒன்றை என் பையில் போட்டு, "வீட்ல குடுங்க சார்" என்பார். யாரிடம் என்று சொல்லமாட்டார்.

"அய்யா எப்படி இருக்காரு?" என்று மனைவி கேட்பாள்.

"தூண்டில்ல பெரிய முள்ளா மாத்தியிருக்காரு" என்பேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆறு கெட்டுப்போனதை நாங்கள் உடனே கவனிக்கவில்லை. ஆற்றின் மேல்பகுதியில் மணல் அள்ளினார்கள். ஓட்டம் குறைந்து, தண்ணீர் அங்கங்கே குழியில் நின்றது. பிறகு கரையோரத்து நிலங்களில் இறால் பண்ணைகள் வந்தன. பண்ணைக் குட்டையைக் கழுவுகிற அன்று ஆறு பால் கலக்காத தேநீர் நிறத்தில் வரும். ஊர்ச் சாக்கடையும் ஒரு பக்கமாக வந்து சேர்ந்துகொண்டது. தக்கை தண்ணீரில் மிதக்காமல் நுரையில் சாய்ந்து கிடந்தது. மீன் கடிக்காத நாளில் நாங்கள் இரையைக் குறை சொன்னோம்.

பாலத்தில் ஆள் குறைந்தது. மண்டபம் அகதி முகாமிலிருந்து பஸ் ஏறி வருகிற ஒருவர் மட்டும் வெகுநாள் தாக்குப்பிடித்தார். ஒரு நாள் அவரும் தங்கூசி நரம்பைச் சுருட்டிவிட்டு, "இனி இங்க வந்து பிரயோசனமில்லை அண்ணை" என்று சொல்லிப் போனார். நானும் மாமனாரும் மிஞ்சினோம். நடுவில் யாரும் இல்லாததால் முனைகள் கொஞ்சம் நெருங்கின.

ஒரு கோடைக்கால ஞாயிறு நாங்கள் போனபோது ஆறு முழுக்க வெள்ளையாக இருந்தது. எல்லாம் மீன். வயிறு மேலே தெரிய, கரை முதல் கரை வரை மிதந்து கிடந்தன. கை நீளத்துக்குக் கொடுவாக்கள் கிடந்தன. அந்த அளவில் ஒன்றைக்கூட நாங்கள் பிடித்ததில்லை.

மாமனார் வெகுநேரம் நின்று பார்த்தார்.

"இம்புட்டும் இங்கனதான் இருந்துச்சா?" என்றார். "நான் ஆத்துல மீனே இல்லைன்னுல்ல நெனச்சேன்."

தகவல் தெரிந்து ஒரு அதிகாரி வந்தார். குளிர்பானப் பாட்டிலைக் கழுவி அதில் தண்ணீர் பிடித்துக்கொண்டார். "மூச்சு முட்டிச் செத்திருக்கு" என்றார்.

"மீனா?" என்றார் மாமனார்.

"தண்ணியில காத்து இல்லாமப் போச்சு பெரியவரே" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார். பாட்டில் என்ன சொன்னது என்று எங்களுக்குத் தெரிய வரவில்லை.

சிலர் சாக்கோடு வந்து கருவாட்டுக்கு அள்ளப் பார்த்தார்கள். மாமனார் சத்தம்போட்டு விரட்டினார். அவர்கள் திரும்பி வருவதற்குள் புதைத்துவிடலாம் என்று பக்கத்துத் தோப்பில் மண்வெட்டி வாங்கிக் குழி வெட்டினோம். நாற்றத்துக்குத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டோம். கிழிந்த தார்ப்பாய் ஒன்றில் மீனைக் குவித்து இழுத்தோம்.

"மாப்பிள்ளை, அந்த முனையைத் தூக்கிப் பிடிங்க" என்றார்.

சொன்னதை அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை. நானும் காட்டிக்கொள்ளாமல் தூக்கிப் பிடித்தேன். வீட்டில் இதை மனைவியிடம் சொன்னேன். "வாய் தவறி வந்திருக்கும். முதல்ல போயிக் குளிங்க" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. நாற்றத்தால்கூட இருக்கலாம்.

மழைக்குப் பிறகு ஒருமுறை போனோம். ஆப்பிரிக்கக் கெளுத்தி மட்டும் கடித்தது. சாக்கடையிலும் கொழுக்கிற மீன் அது. மாமனார் அதைச் செருப்புக் காலால் தண்ணீருக்குள் தள்ளிவிட்டார். அடுத்த ஞாயிறு, பாலத்துக்குப் போகிற நேரத்துக்கு, அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். கையில் தூண்டில் இல்லை.

"சும்மாதான் வந்தேன்" என்றார்.

மனைவி உள்ளே போய்க் காபி போட்டாள். அவள் கொடுத்தாள், அவர் குடித்தார். "சீனி போதுமாய்யா?" என்று அவள் கேட்டதற்கு, "போதும்த்தா" என்றார். பிறகு டிவி பார்த்தோம். ஆறு இல்லாமல் எனக்கும் அவருக்கும் பேச ஒன்றும் இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. மதியம் பிராய்லர் கோழி.

சில வாரம் போனபின் மனைவியே, "அவரை எங்கயாவது தண்ணி இருக்கிற இடமாக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். இப்போது ஞாயிறுதோறும் பைக்கில் கிளம்புகிறோம். மண்டபத்தில் கடலில் போட்டுப் பார்த்தோம். அலையில் தக்கை பொய் சொல்கிறது என்று அவருக்குப் பிடிக்கவில்லை. போன வாரம் நயினார்கோவில் பக்கம் ஒரு கண்மாய். தண்ணீர் நிறைந்து கிடந்தது. தூண்டிலைப் பிரிப்பதற்குள் காவல்காரர் ஓடி வந்தார்.

"கண்மாய் குத்தகைக்குப் போயிருக்கு. இங்கன தூண்டில் போடக் கூடாது."

"பிடிக்க வரலப்பா" என்றார் மாமனார். "பாத்துட்டுப் போறோம்."

காவல்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சரி என்று வேப்பமரத்தடிக்குத் திரும்பிப் போனார். நாங்கள் கரையில் உட்கார்ந்து பார்த்தோம். மீன் நிறைய இருந்தது.