மேக்ஃபைலின் முதல் வரி

ஆறு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். மணி ஐந்தே கால். கறுப்புத் திரையில் மறுபடியும் அதே பிழை. ஆங்கிலத்தில் ஒரு வரி, ஏதோ ஓர் எண், கடைசியில் நிறுத்திவிட்டேன் என்று ஒரு சொல். அந்தக் கடைசிச் சொல் மட்டும்தான் என் கண்ணில் பட்டது. கோபம் வந்தால் எனக்குக் கண் தெரியாது.

என் சிநேகிதன் பூதலூரில் கணக்கு வாத்தியார். யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று நிரலைத் திறந்து வைத்திருக்கும் ஒரு செஸ் எஞ்சினை, தானே செஸ் ஆடும் மென்பொருளை, எடுத்து, ஒரு வருஷமாகத் தூக்கம் கெட்டு மாற்றி எழுதியவன். எஞ்சின்களுக்குள் நடக்கும் இணையப் போட்டிக்கு அன்றுதான் கடைசி நாள். போட்டிக்கு விண்டோஸில் ஓடும் ஃபைல் வேண்டும். அவனிடம் இருப்பது லினக்ஸ். திருக்காட்டுப்பள்ளியில் என் உரக்கடையில் விண்டோஸ் கம்ப்யூட்டர் இருந்ததால், கம்பைல் செய்து அந்த ஃபைலை உருவாக்கும் பொறுப்பை நானே வாங்கிக்கொண்டேன். அவன் நாகூரில் அக்கா வீட்டு விசேஷத்தில் இருந்தான்.

மத்தியானமே கம்பைலரை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டிருந்தேன். அதிலேயே ஒரு மணி நேரம் போயிருந்தது. இப்போது ஃபோல்டரை வேறு டிரைவுக்கு மாற்றினேன். ஊகூம்.

“யூரியா வந்துடுச்சுங்களா?” என்று வாசலில் ஒருவர் கேட்டார்.

“நாளைக்கு வாங்க,” என்றேன், முகத்தைக்கூடப் பார்க்காமல். பின்னால் மூட்டை மூட்டையாக யூரியா அடுக்கியிருந்தது. அவர் அதையும் என்னையும் பார்த்துவிட்டுப் போனார்.

ஐந்தரைக்கு அவனுக்குப் போன் போட்டேன். “என்னத்தடா அனுப்பி வச்சிருக்க? அரைகுறையா ஒண்ணை என் தலையில கட்டிட்டு அங்க உக்காந்து பிரியாணி திங்கிறியா?” இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுதக் கை கூசுகிறது.

நான் முடித்ததும், “மேக்ஃபைலைத் திற. முதல் வரியைப் படி,” என்றான்.

எதை எப்படிக் கம்பைல் செய்ய வேண்டும் என்று சொல்லும் ஃபைல் அது. காலையில் குளித்துவிட்டு வந்து, கம்பைலர் பெயரை மாற்ற நான்தான் அதைத் திறந்திருந்தேன். இப்போது மறுபடி திறந்தேன்.

“படிடா.”

“உ,” என்றேன்.

கடையில் பில் எழுதினாலும், ஸ்டாக் எழுதினாலும், மேலே ஒரு பிள்ளையார் சுழி. கை தானாகப் போட்டுவிடும். காலையில் கீபோர்டிலும் போட்டிருக்கிறது.

“நான் எதாவது போட்டா சிலுவைதான் போடுவேன்,” என்றான். “அதை அழிச்சுட்டு ஓட்டு.” போனை வைத்துவிட்டான்.

அழித்தேன். வரிகள் ஓடத் தொடங்கின. அந்தப் பழைய கம்ப்யூட்டர் ஒவ்வொரு ஃபைலாக மென்று விழுங்கியது. ஐந்து ஐம்பது. கொஞ்சம் லோடு கூடினாலும் எங்கள் தெருவில் கரண்ட் போய்விடும். விசிறியையும் விளக்கையும் நிறுத்திவிட்டு வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தேன். ஐந்து ஐம்பத்து நாலுக்கு எஞ்சின் உருவானது. ஓட்டினேன், பதில் சொன்னது.

போட்டிக்கான படிவத்தை அவன் காலையிலேயே நிரப்பி வைத்திருந்தான். ஃபைலைச் சேர்த்துவிட்டு, அனுப்புமுன் படிவத்தில் ஒருமுறை கண்ணை ஓட்டினேன். எஞ்சினை எழுதியவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள். ஒரு வரிகூட எழுதாத என் பெயர் முதலில் இருந்தது.