பான்கேக் தட்டோடு வந்த பேனா

எங்கள் சின்ன ஊரான பெல்மன் கிரீக்கில் யாரும் யாரிடமும் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்வதில்லை. பிடிக்காத பண்டத்தை நீட்டினால் இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து நாய்க்குப் போடுவோம். காகிதத்தை நீட்டினால் கையெழுத்துப் போடுவோம். படித்துப் பார்த்தால் கொண்டுவந்தவரைச் சந்தேகப்படுவதாகிவிடும். இந்த மரியாதைதான் மார்லீன் வாஸ்பெர்க்கைக் கவிழ்த்தது.

மார்லீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஓடைமேல் இருந்த சின்னப் பாலம் உட்கார்ந்துபோய், குறுக்கே கட்டை போட்டு அடைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து பேருந்து சோளக்காடுகளைச் சுற்றிக்கொண்டு போகிறது. முதல் நிறுத்தத்துப் பிள்ளைகள் பனிக்காலத்தில் விடியுமுன்னே சாலையில் நின்று நடுங்குகிறார்கள். பாலம் சாலைக் கமிஷனர் டெல்பர்ட் ஹோக்லண்டின் பொறுப்பு. ஒவ்வொரு தேர்தலிலும் எதிர்த்து நிற்க ஆளில்லாமல் ஜெயிக்கிறவர். எப்போது கேட்டாலும், "பாத்துரலாம் மார்லீன்," என்பார். பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

ஒருநாள் என் பெட்ரோல் பங்குக்கு வந்தவள், "இந்தத் தடவ நானே நிக்கப் போறேன்," என்றாள்.

"எந்தக் கட்சியில?"

"ஒரு பாலம் கட்ட எதுக்குய்யா கட்சி?"

சுயேச்சையாக நிற்க எங்கள் மாநிலத்தில் வேட்பு மனுவில் வாக்காளர்களின் கையெழுத்து வாங்கித் தரவேண்டும். கட்சிக்காரருக்குக் கொஞ்சம் போதும். சுயேச்சைக்குப் பல மடங்கு வேண்டும். கட்சி இல்லாதவருக்குத்தான் சிநேகிதர்கள் அதிகம் என்று சட்டம் எழுதிய மகான்கள் நினைத்திருப்பார்கள்போல.

மார்லீன் அசரவில்லை. தேவாலயத்து மீன் விருந்தில் மனுவோடு மேசை மேசையாகப் போனாள். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு மேசையில் டெல்பர்ட்டே உட்கார்ந்திருந்தார். அவரை மட்டும் தாண்டிப் போவது மரியாதையாக இருக்காதே என்று அவரிடமும் நீட்டினாள். "நல்ல காரியந்தானே, குடு," என்று வாயில் மீனோடு அவரும் போட்டார்.

மனு போன கையோடு ஆட்சேபணை வந்தது. விசாரணையன்று டெல்பர்ட்டின் கட்சி அனுப்பிய வக்கீல் ஒரு கற்றைத் தாளை எடுத்து வைத்தார். தாளெல்லாம் பாகு ஒட்டியிருந்தது. தீயணைப்பு நிலையத்தில் பனிக்காலத்தில் நடக்கும் பான்கேக் காலை உணவில், தட்டோடு சேர்த்துச் சுற்றிவந்த டெல்பர்ட்டின் மனு அது. ஊரே போட்டிருந்தது. ஒரு பதவிக்குக் கட்சிக்காரர் மனுவில் போட்டவர், அதே பதவிக்குச் சுயேச்சை மனுவில் போட்டால் செல்லாதாம். ஒவ்வொரு பெயராகச் சிவப்பு மையால் அடித்தார்கள். என் பெயரையும் அடித்தார்கள்.

கடைசியில் வக்கீல் ஒரு வரியைக் காட்டினார். "இது உங்க கையெழுத்துதானேம்மா?"

மார்லீன் குனிந்து பார்த்தாள். "ஆமா. தட்டோட நீட்டுனாங்க, போட்டேன்."

"அவர் நிக்கணும்னு கையெழுத்துப் போட்டுட்டு, அவர எதுத்தே நிக்கிறதா? அதுக்குச் சட்டத்துல எடமில்ல."

நான் எழுந்து, "டெல்பர்ட்டுந்தான் இவ மனுவுல போட்டிருக்காரு. அதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"அது செல்லாது சார். அவர் ஏற்கெனவே தன் மனுவுல போட்டுட்டாரே. அதையும் அடிச்சாச்சு."

அந்த வாரமே டெல்பர்ட் பாத்திரத்தோடு அடுப்பில் வேகவைத்த உருளைக்கிழங்கு காஸரோலோடு அவள் வீட்டு வாசலில் நின்றார். "மனசுல வச்சுக்காத மார்லீன். கட்சிதான் வக்கீல அனுப்பிச்சுது." அவள், "சேச்சே, அதுக்கென்ன," என்று வாங்கிக்கொண்டாள். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. ஓட்ஸ் பிஸ்கட் சுட்டு நிரப்பிக் கொடுத்தனுப்பினாள்.

"உனக்குச் சூடு சொரணையே கெடையாதா?" என்றேன்.

"அதுக்குன்னு வெறும் பாத்திரத்தையா குடுக்கிறது?" என்றாள்.

ஓட்டுச்சீட்டில் ஒரே பெயர். டெல்பர்ட் ஜெயித்தார். அடுத்த தேர்தல் வரும்வரை பாலத்தின் கட்டையை யாரும் எடுக்கவில்லை. அதற்குப் புதுப் பெயிண்ட் மட்டும் அடித்தார்கள்.

மறுபடி பனிக்காலம், மறுபடி பான்கேக். தட்டோடு தாளும் பேனாவும் எங்கள் மேசைக்கு வந்தன. மார்லீன் தட்டை வைத்துக்கொண்டாள். தாளைத் தொடாமல் என் பக்கம் நகர்த்தினாள். காப்பி ஊற்றிக்கொண்டிருந்த டெல்பர்ட் அதைப் பார்த்துவிட்டார். மனிதருக்கு வேறு காரணமே தோன்றவில்லை.

"பேனா எழுதலையா மார்லீன்? இரு, வேற தரேன்."

"பேனா நல்லாத்தான் எழுதும் டெல்பர்ட். நான்தான் போடல."

 டெல்பர்ட் காப்பிக் கெண்டியோடு எங்கள் மேசைக்கே வந்தார். தாள் என் முன்னால் கிடந்தது. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.