வராத விருந்தாளிகளின் வடை

எங்கள் வீட்டில் ஒரு சோற்றுப் பருக்கைகூட வீணாகாமல் சாப்பிட்ட நாட்கள் உண்டென்றால், அதற்குக் காரணம் சின்னம்மாவைப் பெண் பார்க்க வரவிருந்தவர்கள்தான். இன்னும் சரியாகச் சொன்னால், அவர்கள் வராமல் விட்டதுதான்.

அப்போது நாங்கள் ஓர்ஸ் ஹில்லில் அரசாங்கக் குவாட்டர்ஸில் இருந்தோம். பருப்புக்கும் உளுந்துக்கும் தவம் கிடந்த காலம். அப்பா கிண்ணியா வியாபாரி ஒருவரின் கையைக் காலைப் பிடித்து உளுந்து வாங்கி வந்தார். எங்களோடு இருந்த அம்மாவின் தங்கை, அதுதான் சின்னம்மா, விடியவே எழும்பி எல்லாவற்றையும் தானே சமைத்தார். வடை, பாயாசம், சாம்பார், கத்தரிக்காய்ப் பால்கறி, பெரிய பானை நிறையச் சோறு. மட்டக்களப்பிலிருந்து வருபவர்களைக் கூட்டிவர அப்பா பஸ் நிலையத்துக்குப் போனார். பின்னேரம்வரை நின்றுவிட்டுத் தனியே திரும்பினார். சின்னம்மா நல்ல சேலையை மாற்றிவிட்டு வந்து எனக்குச் சோறு போட்டார்.

குளிர்ப்பெட்டி இல்லாத வீடு. வேறு நாளென்றால் பாதிச் சாப்பாடு வேலிக்கு மேலால் அடுத்த வீட்டு மூதூர் மாமிக்குப் போயிருக்கும். அன்று அம்மா மறித்துவிட்டார்.

“ஒரு கிண்ணம் வெளியில போனால் என்ன விசேஷம் எண்டு கேப்பினம். என்னத்தைச் சொல்லுறது? கொட்டினால் காகம் ஊரைக் கூட்டிப்போடும். இருந்து சாப்பிடுங்கோ.”

சாப்பிட்டோம். பாயாசம் அன்றிரவே முடிந்தது. தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றை மறுநாள் தயிரும் சின்ன வெங்காயமும் சேர்த்துப் பிசைந்து, சின்னம்மா கையில் உருட்டித் தந்தார். சாம்பாரும் பால்கறியும் ஒரே சட்டியில் சுண்டிச் சுண்டி ருசியேறின. வடை ஒருநாள் சொதிக்குள் மிதந்தது, பிறகு செத்தல் மிளகாயோடு வதங்கியது. மீன் இல்லாமல் சோறு இறங்காத அப்பாவும் அதையே பிசைந்து சாப்பிட்டார். மீன்காரரை அம்மா விரதமென்று சொல்லி அனுப்பினார்.

“என்ன மகள், உங்கட குசினி மணக்குது?” என்று மாமி வேலியில் நின்று கேட்டார். எனக்கு வாய் துடித்தது. அம்மா கண்ணை உருட்டியதில் அடங்கிப்போனேன். மாமியும் அதற்குமேல் கேட்கவில்லை.

உண்மையில் எனக்கு அது கொண்டாட்டம். சின்னம்மா மட்டும் ஒரு வடைகூட வாயில் வைக்கவில்லை. என் பங்கு கூடுகிறதென்று நான் சந்தோஷப்பட்டேன்.

கடைசிச் சட்டியை வழித்து நக்கிக்கொண்டே கேட்டேன்.

“சின்னம்மா, அடுத்த மாப்பிள்ளை எப்ப வராமல் விடுவார்?”

சின்னம்மா குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. உற்சாகத்தில், அதற்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருப்பதையும் சொன்னேன். பின்னால் வந்த அம்மா என் முதுகில் ஒன்று வைத்தார்.

நான் அழுதேன். சின்னம்மா என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு என்னைவிடப் பெரிதாக அழுதார். எனக்கு விழுந்த அடிக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்து, “எனக்கு நோகேல்லை சின்னம்மா” என்று சொல்லி அவருடைய கண்ணைத் துடைத்துவிட்டேன்.