சரியாக எண்பத்திரண்டு

எங்கள் குன்றுக்குப் பறக்க வருகிறவர்கள் சொல்லும் முதல் பொய் எடைதான். எவ்வளவு இருப்பீர்கள் என்று கேட்டால் ஐந்து கிலோ குறைத்துத்தான் பதில் வரும். படித்தவர், படிக்காதவர், அதிகாரி, புதுமாப்பிள்ளை என்ற வித்தியாசமே கிடையாது. நாங்கள் யாரையும் இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளப் போவதில்லை. காற்றுதான் தூக்கப் போகிறது. காற்றிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்குப் பதினொரு வருடமாகப் புரியவில்லை.

நான் பாராகிளைடிங் பைலட். வருகிறவரை எனக்கு முன்னால் பட்டைகளால் கட்டிக்கொண்டு, குன்றின் விளிம்பிலிருந்து ஓடி, தலைக்கு மேல் விரியும் பெரிய துணியில் தொங்கியபடி கடற்கரைக்கு மேல் கால்மணி நேரம் சுற்றிவிட்டு மணலில் இறக்கிவிடுவது என் வேலை. இது என்னைப் பற்றிய கதை இல்லை. குன்றின் அடிவாரத்தில் தகரக் கூரை போட்ட அறையில் உட்கார்ந்து, வருகிறவர்களை எடை போட்டு அனுப்பும் கிலோ அக்காவைப் பற்றியது.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. இங்கே வருவதற்கு முன்னால் பதினேழு வருடம் ஒரு பார்சல் ஆபீசில் மூட்டைகளை எடை போட்டவள். "மூட்டைக்கு வாய் கிடையாது. அந்த வேலைதான் நிம்மதி" என்பாள். புருஷன் பாதியில் கிளம்பிப் போய்விட்டான். அதைப் பற்றிப் பேச்செடுத்தால், "அறுபத்தாறு கிலோ குறைஞ்சுது, அவ்வளவுதான்" என்று முடித்துவிடுவாள். பேக்கரிக்குப் பின்னால் ஒரே ஒரு அறையில் குடியிருந்தாள். எடை போடும் தகர அறையில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, தரையில் பதித்த தராசு, கெட்டி அட்டை போட்ட நோட்டு, ஒரு பிளாஸ்டிக் கூடை. அவளுடைய ராஜ்ஜியம் அவ்வளவுதான்.

அதற்குச் சில சட்டங்கள் உண்டு. தராசில் ஏறுவதற்கு முன் சட்டைப்பை, கால்சட்டைப்பை எல்லாவற்றையும் கூடையில் காலி செய்ய வேண்டும். எடையை அவள் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். சீட்டில் எழுதி பைலட்டிடம் மட்டும் கொடுப்பாள். வாயால் எவ்வளவு பொய் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தராசை ஏமாற்றப் பார்த்தால் அன்றைக்கு அவர்களால் பறக்க முடியாது. மேசை விளிம்பில் நைசாகக் கையை ஊன்றிய முதலாளியின் மச்சானையே திருப்பி அனுப்பியவள் அவள். முதலாளி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டியிருப்பாள் என்று அவருக்கே தெரியும்.

உண்மையில் அவளுக்குத் தராசே தேவையில்லை. ஆள் வாசற்படி ஏறும்போதே என் காதருகில் "எழுபத்து நாலு" என்பாள். தராசும் அதையே சொல்லும். அதிகம் போனால் ஒரு கிலோ முன்னே பின்னே இருக்கும்.

அவளுக்கு மிச்சமிருந்த சொந்தம் ஒரே ஒரு அண்ணன். இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு ஊரில் டயர் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தவறாமல் போன் வரும். ஒன்பது வருடமாக அவள் அவரைப் பறக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவரும் ஒன்பது வருடமாக ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். "நான் ஏறினா உன் துணி கிழிஞ்சிடும்மா." ஸ்பீக்கரில் அந்தக் கனத்த சிரிப்பை நாங்கள் எல்லாருமே கேட்டிருக்கிறோம். ஏணியில் ஏறவே பயப்படுகிற மனிதர் என்று அவள்தான் சொல்லியிருக்கிறாள்.

அந்த மனிதர் ஒரு வியாழக்கிழமை காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அவரோ முழங்கால் வரை தொங்கும் தடித்த பழுப்புக் கோட்டு போட்டிருந்தார். முகம் முழுக்க நரைத்த தாடி.

"என்ன அண்ணா இது வேஷம்?" என்றாள் அக்கா.

"ஷேவ் பண்ண சோம்பல். மேல குளிரும்னாங்க, அதான் கோட்டு. வந்துட்டேன்ல, இனிமே வாயைத் திறக்காதே. எண்பத்திரண்டு, எழுதிக்க."

"தராசுல ஏறு முதல்ல."

ஏறினார். எண்பத்திரண்டு. புள்ளிக்குப் பிறகு பூஜ்யம். அக்கா என் காதில் எதுவும் சொல்லவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தாடியைத் தடவக் கையைத் தூக்கினார். கைக்கடிகாரம் மணிக்கட்டிலிருந்து வழுக்கி முழங்கைப் பக்கம் இறங்கியது. பட்டையில் புதிதாக ஆணியால் குத்திய ஓட்டை ஒன்று இருந்தது. அதையும் பார்த்தாள்.

கூடை மேசைமேல் சும்மா கிடந்தது. காலி செய் என்று அவள் கேட்கவே இல்லை.

நோட்டில் எண்பத்திரண்டு என்று எழுதினாள். சீட்டை என்னிடம் நீட்டிவிட்டு, விங்குகள் அடுக்கியிருக்கும் பின்பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எங்களை மேலே தாங்கும் அந்தப் பெரிய துணிக்கு விங் என்று பெயர். சின்னது, பெரியது என்று இரண்டு அளவு உண்டு. எண்பது கிலோ தாண்டினால் பெரியது என்பது எங்கள் கணக்கு.

"சின்னதை எடு" என்றாள்.

"எண்பத்திரண்டுக்குப் பெரிசுதானேக்கா? நீங்கதானே எழுதினீங்க?"

"சின்னதுன்னு சொன்னேன்ல. மேல போனதும் கோட்டைக் கழட்டச் சொல்லு. கயிறுல மாட்டிக்கும்னு சொல்லு. வேற எதையும் நோண்டிக் கேட்காதே. கோட்டை ஜீப்புலயே கீழ அனுப்பிடு."

"அப்போ நிஜமா எவ்வளவு?"

"எழுபத்தொண்ணு."

குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. ஆனால் பேனாவை மூடப் போய் மூன்று முறை மூடியைத் தவறவிட்டாள். குறைத்துச் சொல்கிறவர்களைத்தான் அவள் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறாள். கூட்டிக் காட்ட வந்தவர் அவளுக்கு இவர் ஒருவர்தான்.

ஜீப்பில் குன்றின் மேலே போனதும் சொன்னபடி கோட்டைக் கேட்டேன். மனிதர் தயங்கினார். கயிறு, பாதுகாப்பு என்று நான் வாய்க்கு வந்ததை எல்லாம் அடுக்கிய பிறகு கழற்றிக் கொடுத்தார். வாங்கிய கை அப்படியே கீழே இறங்கிவிட்டது. உட்பக்கம் முழுக்கப் புதிதாகப் பைகள் தைத்திருந்தார்கள். ஒரு பையின் வாயிலிருந்து விரல் நீள ஈயத்துண்டு எட்டிப் பார்த்தது. சக்கரம் ஆடாமல் ஓட ரிம்மில் ஒட்டுவார்களே, அந்தத் துண்டு. அப்படி இருநூறாவது இருக்கும். கோட்டில்லாமல் அவர் வேறு ஆளாக நின்றார். சட்டை தோளிலிருந்து வழிந்தது.

கேட்காதே என்றாள் அக்கா. நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"தொழில் பழக்கம் தம்பி. எங்க குறையுதோ அங்க ஈயம் வைக்கணும். வயித்துல கட்டி. அஞ்சு மாசமா ஆளைத் தின்னுது. புதன்கிழமை ஆபரேஷன். அவளுக்குத் தெரியாது, சொல்லிடாதீங்க."

"டாக்டரைக் கேட்டீங்களா, பறக்கலாமான்னு?"

"கேட்டேன். மூட்டை தூக்காதேன்னார். நாமே மூட்டையா போறதுக்குத் தடை இல்லைன்னார்."

கோட்டை ஜீப்பில் வைத்தேன். ஜீப் இறங்கிப் போனது. சின்ன விங்கை விரித்தேன்.

எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். ஓடச் சொன்னால் இரண்டு எட்டு வைத்துவிட்டு, பயத்தில் மடக்கென்று உட்கார்ந்துவிடுவார்கள். என் தொண்டை போவது இதற்காகத்தான். இந்த மனிதர் உட்காரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு எருமை மாதிரி ஓடினார். விளிம்பு தாண்டி, தரை விலகி, கீழே பாறையும் நுரையும் வந்த பிறகும் கால் நிற்கவில்லை.

"அண்ணே, கீழ தரை இல்ல. ஓட்டத்தை நிறுத்தலாம்."

"ஓ" என்றார். கால்கள் நின்றன. கண்ணை மட்டும் திறக்கவில்லை.

காற்று கடலிலிருந்து சீராக வந்தது. குன்றின் விளிம்பை ஒட்டி இரண்டு முறை போய் வந்தேன். கரை வளைந்து வளைந்து வடக்கே போய்க்கொண்டிருந்தது. கரையோரம் தண்ணீர் பச்சை, தள்ளிப் போகப் போக நீலம். நான்கு படகுகள் ஒரே திசையில் மூக்கை வைத்து நின்றன. கண்ணைத் திறங்கள் என்று மூன்றாவது முறை சொன்னபோதுதான் திறந்தார். பிறகு கீழே கை காட்டினார்.

"அந்தத் தகரம் உங்க ரூமா? வெளிய நிக்கறது யாரு?"

அக்காதான். ஆள் பறக்கும்போது வெளியே வந்து பார்க்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. சீட்டு கொடுத்ததோடு அவள் கடமை முடிந்தது. இன்றைக்கு வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்ணே சொல்லல அவங்ககிட்ட?"

"சொன்னா அன்னைலேர்ந்து என்னைத் தினம் எடை போடுவா. நான் அண்ணனா இருக்க மாட்டேன், நம்பரா இருப்பேன். பெண்டாட்டிக்குத் தெரியும், போதும். அவதான் ரெண்டு நாள் உட்கார்ந்து பை தைச்சா, அழுதுகிட்டே தைச்சா." மறுபடி கீழே அந்தத் தகரக் கூரையைப் பார்த்தார். "ஒம்போது வருஷமா கூப்பிடறா தம்பி. ஆஸ்பத்திரிக்குப் போறேன், திரும்பி வராம போனா? தங்கச்சி கூப்பிட்டுக்கிட்டே இருந்தா, அண்ணன் கடைசி வரைக்கும் வரலைன்னு ஆகிடக் கூடாதுல்ல."

காற்று அதிகமாக இருந்ததாகப் பாவனை செய்து கயிறுகளைச் சரிசெய்தேன்.

"அவ கண்டுபிடிக்கலையே?" என்றார்.

"எண்பத்திரண்டுன்னுதான் நோட்டுல எழுதினாங்க" என்றேன். அது பொய் இல்லை.

அந்தக் கனத்த சிரிப்பு வந்தது. போனில் கேட்டதைவிட மெலிந்திருந்தது. "ஊரையே எடை போடறா. என்னைப் பிடிக்க முடியல பாருங்க." அவருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். பாதியாவது சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. வாயை மூடிக்கொண்டு விங்கைத் திருப்பினேன்.

மணலில் இறங்கியபோது அக்கா அங்கே நின்றுகொண்டிருந்தாள். இறங்கும் இடம் அவள் அறையிலிருந்து நானூறு அடி தூரம். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பதைத் தவிர நாற்காலியை விட்டு நகராதவள். துவைத்த துணியைப் போடுவது போலக் கோட்டை முழங்கையில் மடித்துப் போட்டிருந்தாள்.

"எப்படிண்ணா இருந்துச்சு?"

"பரவாயில்ல. உன் துணி கிழியல."

நான் பட்டைகளை அவிழ்த்தேன். அவள் கோட்டை ஒற்றைக் கையில் பிடித்து, கையை நேராக நீட்டினாள். "காத்தடிக்குது. போட்டுக்க."

எனக்கு அதன் கனம் தெரியும். அவளுக்கும் தெரியும். அது வெறும் கோட்டு என்பது போல நீட்டிக்கொண்டு நின்றாள், முகத்தில் ஒரு சிரிப்பை வேறு வைத்துக்கொண்டு. அவர் வாங்கவில்லை. அந்தக் கையையே பார்த்தார்.

"கை வலிக்கும். கீழ வைம்மா."

"எனக்கென்ன வலி? கோட்டுதானே."

கை நடுங்க ஆரம்பித்தது. இறக்கவில்லை. தோள் வரை நடுக்கம் ஏறிய பிறகும் இறக்கவில்லை. அவர் இரண்டு எட்டு முன்னால் வந்து, இரண்டு கையாலும் கோட்டை அடியில் தாங்கினார். அவள் விடவில்லை. இருவரும் அதைப் பிடித்தபடியே நின்றார்கள்.

"புதன்கிழமை ஆபரேஷன்" என்றார்.

"பதினொரு கிலோ அண்ணா" என்றாள். "பதினொரு கிலோ போற வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல நீ." பிறகு அழுதாள். புருஷன் போனதற்கு அழுதாளா என்று எனக்குத் தெரியாது. இதற்குச் சத்தம் போட்டே அழுதாள். நான் விங்கைச் சுருட்டுகிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கு மத்தியானமே அண்ணனோடு கிளம்பிவிட்டாள். நோட்டை என் கையில் கொடுத்து, கூடையை மறக்காதே என்றாள். அவள் போன பிறகு திறந்து பார்த்தேன். ஒன்பது வருட நோட்டுகளில் அடித்தல் திருத்தல் ஒன்றுகூட நான் பார்த்ததில்லை. எண்பத்திரண்டை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் எழுபத்தொன்று என்று எழுதி, கையெழுத்துப் போட்டிருந்தாள்.

தராசு வேலை இப்போது என் தலையில். கண்ணால் பார்த்துச் சொல்ல எனக்கு வராது. எட்டு கிலோ வரை தப்பு போகிறது. ஆபரேஷன் முடிந்து நாலாம் நாளிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. நலமா, வேலை எப்படி என்ற பேச்செல்லாம் கிடையாது. யார் எடையையும் வாய்விட்டுச் சொல்லாதவள், எடுத்ததும் எண்ணைச் சொல்வாள். அறுபத்தாறு. அறுபத்தஞ்சரை. மறுபடியும் அறுபத்தஞ்சரை. அறுபத்தஞ்சு. நானும் சரிக்கா என்று வைத்துவிடுவேன்.

நேற்று பத்தே கால் ஆகியும் வரவில்லை. வெளியே பறக்க ஆறு பேர் காத்திருந்தார்கள். நான் தராசைத் துடைத்தேன், துடைத்ததையே மறுபடி துடைத்தேன். பத்தரைக்கு மணி அடித்தது.

பின்னால் ஒரு ஆண் குரல் கத்திக்கொண்டிருந்தது. "நான்தான் அன்னைக்கே சொன்னேனே தம்பி, என்னை நம்பர் ஆக்கிடுவான்னு! ஒரே காலைல மூணு தடவை ஏத்தி இறக்கறா!"

"நம்ப முடியல, அதான் மூணு தடவை" என்றாள் அக்கா. "அறுபத்தஞ்சரை. ஏறியிருக்கு."