இருபத்தோராவது பெயர்

1. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அப்பா காலமானார்.
2. மரண அறிவித்தலுக்கான உறவினர் பெயர்களை அம்மா சொல்லச் சொல்ல நான் கணினியில் பதிந்தேன்.
3. அம்மா கடைசியாகச் சொன்னது மாமியின் பெயர். மாமி அப்பாவின் ஒரே தங்கை.
4. அறிவித்தல் அச்சாகி மதில்களில் ஒட்டப்பட்டது. அதில் மாமியின் பெயர் இல்லை.
5. உடுப்பிட்டியிலிருந்து வந்த மாமி, எங்கள் வாசல் படலையில் ஒட்டியிருந்ததை நின்று வாசித்தார். உள்ளே வந்து அப்பாவின் காலடியில் இருந்து அழுதார். அப்பாவை எடுத்ததும் ஒருவரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினார்.

எங்கள் பக்கத்தில் அறிவித்தலில் ஒருவரை விட்டால் அதை மறதி என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. காணி எல்லையில் வேலிக் கதியால் நட்ட சண்டைக்குப் பிறகு அம்மாவும் மாமியும் இரண்டு வருடமாகக் கதைப்பதில்லை. அதனால் அம்மாதான் பெயரை வெட்டினார் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள்.

வெட்டியது நான் எழுதிய நிரல்.

மருதனார்மடத்தில் அறிவித்தல் அடிக்கும் கடையொன்றில் வேலை செய்கிறேன். பெயர்களைப் பதிய ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. படித்த காலத்தில் பயிற்சிக்காக எழுதிய ‘அடுக்கு’ என்ற நிரல் துண்டை அதில் அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். உள்ளே பெயருக்கு ஒன்றாகத் தொடர்ச்சியாக அறைகள். எத்தனை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். பயிற்சியில் இருபது என்று சொல்லியிருந்தேன். புதிய பெயர் மேலே ஏறும், கடைசியாக ஏறியதே முதலில் இறங்கும். செத்தவீட்டுக்காரருக்கு அது வசதி. “பொறு பிள்ளை, உந்தப் பேரை எடு” என்றால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். இருபதும் நிரம்பியபின் வரும் பெயரை அடுக்கு ஏற்காது. ‘இடமில்லை’ என்று விடை அனுப்பும். அந்த விடையைப் பார்க்கும் வரியை நான் எழுதவில்லை.

அன்று அம்மா இருபது பெயர்களை நிறுத்தாமல் சொன்னார். பிறகு வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமியையும் போடு பிள்ளை. அவருக்கு இருந்தது ஒரே தங்கச்சி.”

பதிந்தேன். திரையில் பெயரைத் தட்டும் பெட்டி வெறுமையானது, பெயர் ஏறிவிட்டது என்று நினைத்தேன். அச்சுக்கு முன், பட்டியலில் இருந்த பெயர்களை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். இல்லாத பெயரைத் தேடவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. அன்று கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை நாங்கள் கல்வெட்டு என்போம். “மாமி வராட்டி உந்தப் புத்தகத்தை ஆருக்கடி குடுக்கிறது?” என்றார் அம்மா. மடிக்கணினியுடன் உடுப்பிட்டிக்குப் போனேன்.

மாமி கதவைத் திறந்தார், இருக்கச் சொல்லவில்லை.

“கொம்மா வெட்டினதைக் கொம்பியூட்டரின்ரை தலையிலை கட்ட வந்தனியோ?”

“இல்லை மாமி. பிழை என்ரை. ஒருக்கால் பாருங்கோ.”

அதே இருபத்தொரு பெயர்களையும் அதே வரிசையில் பதிந்து காட்டினேன். மாமி விரல் விட்டு எண்ணினார். கடைசிப் பெயரைத் தட்டியதும் பெட்டி வெறுமையானது. பட்டியல் இருபதிலேயே நின்றது.

மாமி பட்டியலின் கடைசி வரியை விரலால் தொட்டார்.

“அப்ப கடைசி ஆள்தான் விழும்.”

“ஓம்.”

“நான் ஏன் கடைசி?”

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

“அம்மா யோசிச்சவா, மாமி. பிறகுதான் போடச் சொன்னவா.”

மாமி எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் தேத்தண்ணி இருந்தது, எனக்கு மட்டும்.

“கல்வெட்டிலை என்ன செய்யப் போறாய்?”

“உங்களை முதலாவதாப் போடுறன்.”

“வேண்டாம். அண்ணைமார் இருக்கினம். என்ரை இடத்திலை போடு.”

அந்தியேட்டிக்கு வருவீர்களா என்று கேட்டேன். “பஸ்ஸுக்கு நேரமாகுது, வெளிக்கிடு” என்றார்.

இப்போது ஒரு பெயர் ஏறாவிட்டால் திரையில் சிவப்பில் எழுத்து வரும். அறைகளும் தேவைக்கேற்பப் பெருகும். கல்வெட்டு அச்சாகிவிட்டது, மாமியின் பெயர் அண்ணன்மாருக்கு அடுத்ததாக இருக்கிறது. மாமி சொன்னதை அம்மாவிடம் முழுவதும் சொல்லிவிட்டேன். அந்தியேட்டிக்கு இன்னும் நான்கு நாள். மாமி வருவதாகச் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.