என் காலும் அவள் விரலும்

வாதம் அடித்துப் பிழைத்தவனுக்கு ஊரில் பார்க்கிறவர்கள் எல்லோரும் டாக்டர்தான். எதைச் சாப்பிடக்கூடாது, எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கக்கூடாது என்று சொல்வதற்கு ஆள் மாற்றி ஆள் வருவார்கள். ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் காலமெல்லாம் பிள்ளைகளை உட்கார், எழும்பு என்று அதட்டிக்கொண்டிருந்தவன் நான். ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் இடது கையும் இடது காலும் இழுத்துக்கொண்டன. அதிலிருந்து என்னை உட்கார் என்று சொல்ல ஊரே இருந்தது. எழும்பு என்று சொல்ல ஒருத்திதான் இருந்தாள். அவள் என் மனைவி.

அவள் உடம்பும் ஒன்றும் ஒழுங்காக இல்லை. சின்ன வயதில் கொழுந்துக்கூடையை மாட்டியவள். சரிவிலேயே ஏறி இறங்கி இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. வீட்டு வாசற்படியை இறங்குவதற்குள் சுவரோடு ஒரு சண்டை பிடிப்பாள். வேலையிலிருந்து நின்ற பிறகும் அன்றாடக் கூலிக்கு, எங்கள் பக்கத்தில் சொல்வதுபோல் கைக்காசுக்கு, கொழுந்தெடுக்கப் போவதை விடவில்லை. ஏன் என்று கேட்டால், "சும்மா குந்தியிருந்தா முழங்காலு துருப்பிடிச்சிரும்" என்பாள்.

இந்தியாவுக்குப் போகவேண்டும் என்ற பேச்சை எடுத்தவளும் அவள்தான். வாரக்கணக்கில் மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், தேத்தண்ணிக் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஏங்க, செத்தா பொதைக்கத்தான் நம்மள தூக்கிக்கிட்டுப் போவாங்க. அதுக்கு முன்னாடி நம்மளா எங்கயாவது போவோம்."

"எங்க?"

"திருச்சி, தஞ்சாவூரு, மதுர. அந்தப் பக்கம் மலையே இல்லாம மட்டமா இருக்குமாமே. ஏறாம எறங்காம ஒரு நாளாவது நடக்கணும்."

எனக்கு அந்தக் கணமே கால் பாதி குணமானது போல இருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் மகளிடம் போனில் சொன்னோம். அவள் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள்.

"நேர்த்திக்கடன் ஏதும் வச்சிருக்கீங்களாப்பா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"சொந்தக்காரங்க யாரையும் கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"அதுவும் இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

"சுத்திப் பாக்க."

கோயிலுக்கு என்றிருந்தால் சாமி பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருப்பாள். சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்றதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் ஊன்றுகோலோடு எங்கள் தோட்டத்தில் வந்து இறங்குகிறார்கள். அவர்களைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டுகிறவர்கள், அதையே நாங்கள் செய்யப்போகிறோம் என்றால் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"அப்பாவுக்கு அங்க வச்சு ஏதும் ஆச்சுன்னா?" என்றாள் மகள்.

போனைப் பிடுங்கி என் மனைவி பதில் சொன்னாள். "இங்க வச்சு ஆகலயா? அங்க ஆனா மட்டும் என்ன?"

"மட்டமான ஊரு பாக்கணும்னா வவுனியாவுக்குப் போகலாமேம்மா."

"வவுனியாவுக்கு பஸ்ஸுல போவாங்க. நான் ஏரோப்ளேன்ல போகணும்."

அதோடு மகள் அடங்கிவிட்டாள். ஆனால் அவள் பயம் அடங்கவில்லை. அவளுக்கு மட்டுமல்ல, அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் ஒரே பயம்தான்: என் கால். விமானத்தில் ஏறும்போது இழுத்துக்கொண்டால், திருச்சி வெயிலில் மயங்கி விழுந்தால், என்னை வைத்துக்கொண்டு அந்தப் பொம்பளை என்ன செய்வாள் என்று என் காது படவே பேசினார்கள். என் மனைவியைப் பற்றி ஒருவரும் பயப்படவில்லை. நானும் பயப்படவில்லை.

அவளுக்கே இருந்த ஒரே கவலை அவள் கைகள். கொழுந்தெடுக்கிறவர்களின் விரலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாறு ஊறி ஊறி, வெடிப்புகளில் கறுப்புக் கறை ஏறியிருக்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் கூட அவள் கையை மடக்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். "வெளிநாட்டுக்குப் போற கையா இது?" என்று தினமும் சாயங்காலம் குழாயடியில் நின்று தேய்த்தாள். எலுமிச்சம்பழத்தோல், சாம்பல், செங்கல் துண்டு, கடைசியில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நார். நான் திண்டாடித் திண்டாடிச் சட்டை மடிக்கிறபோது அவள் விரல் தேய்த்துக்கொண்டிருப்பாள். புறப்படுவதற்கு முந்தின நாள் இரண்டு கையையும் என் முகத்துக்கு முன்னால் விரித்துக் காட்டினாள். கறையே இல்லை. பால் போல வெளுத்து, வழவழவென்று இருந்தன.

"டீச்சரம்மா கை மாதிரி இருக்கு" என்றேன். அவளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

விடியுமுன்னே வேன் பிடித்துக் கினிகத்தேனை வழியாக இறங்கினோம். எங்கள் ஊர்க் குளிருக்குப் போட்ட கம்பளிச் சட்டையை அவள் கட்டுநாயக்கவில்தான் கழற்றினாள். அந்த விமான நிலையத்தில் எனக்குச் சக்கர நாற்காலி கொடுத்தார்கள். தள்ளுகிறவருக்குப் பக்கத்திலேயே, முழங்காலைப் பிடித்துப் பிடித்து, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்து வந்தாள். விமானத்தில் சன்னலோரம் உட்கார்ந்தவள் இறங்குகிறவரை கண்ணாடியை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. கடல் முடிந்து கரை தெரிந்தபோது மட்டும் என் துவண்ட கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

திருச்சியில் குடிவரவு மேசைக்கு முன்னால் என்னை முதலில் தள்ளிக்கொண்டு போனார்கள். கண்ணாடிப் பெட்டி மேல் விரல்களை வைக்கச் சொன்னார்கள். வலது கை உடனே பதிந்தது. இடது கையில் சுருண்டு கிடந்த விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்து, மேலே வலது கையால் அழுத்திப் பிடித்தேன். அதுவும் பதிந்தது. முத்திரை அடித்து, கடவுச்சீட்டைக் கையில் கொடுத்து, என்னை மேசைக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். ஊரே பயந்த ஆள் உள்ளே வந்துவிட்டேன்.

அடுத்தது அவள். கையை வைத்தாள். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு வைத்தாள். மறுபடியும் சிவப்பு. மேசையில் இருந்தது ஓர் இளம்பெண். ஈரத்துணி கொடுத்தாள், விரலை அழுத்திப் பிடித்துப் பார்த்தாள், கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள். எத்தனை முறை என்று தெரியாது, எங்களுக்குப் பின்னால் நின்ற வரிசை முழுதும் வேறு மேசைக்கு மாறிப் போய்விட்டது.

"அம்மா, உங்க விரல்ல ரேகையே இல்லையே?" என்றாள் அந்தப் பெண்.

"பாஸ்போர்ட் எடுக்கறப்ப கொழும்புல பதிஞ்சிச்சும்மா."

"இப்ப பதியலையே. பதியலைன்னா உள்ள விட முடியாதும்மா. திருப்பி அனுப்புற மாதிரி ஆயிடும்."

கொழும்பில் பதிந்த நாளில் அவள் கறைக் கையோடு, வேலைக்குப் போகிற கையோடு போயிருந்தாள். இருந்த கொஞ்ச ரேகையையும் அவளே கம்பி நாரால் தேய்த்து எடுத்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். தன் வெள்ளை விரல்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏங்க, நீங்க போங்க. போய்ப் பாத்துட்டு வாங்க. நான் திரும்பிப் போறேன்."

என் நாற்காலியைத் தள்ளுகிறவரும், "ஐயா, உங்களுக்கு முடிஞ்சிருச்சு. வெளிய போய் உக்காந்துக்கலாம்" என்று நாற்காலியைத் திருப்பினார். எனக்கு வந்ததே ஆத்திரம். நல்ல காலைத் தரையில் ஊன்றினேன். சக்கரம் நின்றது. நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து நின்றேன்.

"எனக்கு முடியல" என்றேன். "ரெண்டு பேரா வந்தோம். ஒரு ஆள்தான் வந்திருக்கேன்."

"ஐயா, உக்காருங்க."

"உக்கார மாட்டேன். அவளை அனுப்புறதா இருந்தா எனக்கு அடிச்ச முத்திரையையும் அழிச்சிட்டு என்னையும் சேத்து அனுப்புங்க."

கால் நடுங்கியது. அதை யாரிடமும் மறைக்க முடியாது, வேட்டியே ஆடியது. காவலுக்கு நின்ற ஒருவர் பக்கத்தில் வந்தார். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் மனைவி சத்தம் போட்டாள். "உக்காருங்க, விழுந்து தொலைச்சிராதீங்க."

"நீ வா, உக்காருறேன்" என்றேன்.

எங்கள் பாட்டன் பூட்டிகள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போனபோது மண்டபம் முகாமில் நிறுத்தி வைத்துப் பார்த்தார்களாம். நோய் இருக்கிறதா, கையில் வேலை செய்யத் தெம்பு இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினார்களாம். அந்தத் தெம்பையெல்லாம் அங்கே இறக்கி வைத்துவிட்டு ஒரு தடவை சுற்றிப் பார்க்க வந்தால், உன் விரலில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். அந்த இளம்பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் தன் வேலையைத்தான் செய்தாள். ஆனால் கோபம் இருந்தது. யார் மேல் என்று தெரியாமல் நின்றேன்.

உள்ளேயிருந்து மேலதிகாரி ஒருவர் வந்தார். என் மனைவியின் கையைப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா வேலை பாத்தீங்க?"

"கொழுந்தெடுத்தேன்ங்க. தேயில."

"வேற ஏதாவது தீக்காயம், மருந்து..."

"ஒன்னும் இல்லைங்க. வேல செஞ்சு தேஞ்சது பாதி. ஒங்க ஊருக்கு அழுக்குக் கையோட வரக்கூடாதுன்னு தேச்சு தேஞ்சது பாதி." சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றாள். "திருடித் தேயல."

அந்த மனிதர் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலி கொண்டுவரச் சொல்லி அவளை உட்கார வைத்தார். அந்த இளம்பெண் எங்கிருந்தோ கைக்குப் பூசுகிற களிம்பு கொண்டுவந்து ஒவ்வொரு விரலிலும் தடவி, துடைத்து, தனித்தனியாக வைத்துப் பார்த்தாள். பெருவிரல் பதியவில்லை. ஆள்காட்டி விரல் பதியவில்லை. நான் உட்காரவில்லை. தள்ளுகிறவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, நான் விழாமல் இருக்க என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இடது சுண்டுவிரலை வைத்தபோது பச்சை விளக்கு எரிந்தது. அடுத்து மோதிர விரல். பிறகு வலது சுண்டுவிரல். மேலதிகாரி குனிந்து கணினியில் ஏதோ தட்டினார். மற்ற விரல்கள் எடுக்க இயலாது என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். முத்திரை விழுந்த சத்தம் எனக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது.

அவள் எழுந்து வந்தாள். நின்றும் உட்கார்ந்தும் முழங்கால் இறுகிவிட்டதால் ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தாள். நான் நாற்காலியில் அவளை உட்காரச் சொன்னேன். அவள் என்னை உட்காரச் சொன்னாள். இரண்டு பேரும் கேட்பதாக இல்லை. கடைசியில் பைகளை நாற்காலியில் ஏற்றிவிட்டு ஆளுக்கு ஒரு கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினோம். அதைப் பிடித்துக்கொண்டு நடப்பது இரண்டு பேருக்கும் வசதியாகவே இருந்தது. தள்ளுகிறவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக எங்கள் பின்னால் வந்தார்.

வெளியே வந்ததும் மகளிடமிருந்து போன் வந்தது. பதறிப்போயிருந்தாள். விமானம் இறங்கி இவ்வளவு நேரமாகிறதே, அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"ஒங்கப்பாவுக்கு ஒன்னும் இல்ல. என்னையத்தான் நிறுத்தி வச்சிட்டாங்க. கையில ரேக இல்லையாம்."

"ஐயோ. அப்புறம் எப்படிம்மா விட்டாங்க?"

என் மனைவி நெற்றி வியர்வையைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். வெயில் அவள் முகத்தில் நேராக அடித்தது.

"யாரும் விடல" என்றாள். "நாங்கதான் வந்தோம்."

போனை என் நல்ல கையில் திணித்துவிட்டு, பக்கத்தில் சாப்பாட்டுக்கடை எங்கே இருக்கிறது என்று கார்க்காரர்களிடம் விசாரிக்கப் போனாள்.