பவுனம்மா படகு கேக்

என் மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்குக் கடல்தான் தீம். கோவளத்தில் என் அப்பா ஓட்டும் படகைப் போலவே கேக் செய்ய நினைத்து, படகில் எழுதியிருக்கும் என் அம்மாவின் பெயர் 'பவுனம்மா' வரைக்கும் தாளில் வரைந்தேன். கேளம்பாக்கத்தில் எங்கள் எதிர் ஃப்ளாட் ரேவதியிடம் மட்டும் காட்டினேன். போட்டோ எடுத்துக்கொண்டாள்.

என் மகளின் பிறந்தநாளுக்கு நான்கு நாள் முன்பே அவள் மகனுக்குப் பிறந்தநாள். மேசையில் அதே படகு கேக்.

"அதுல பவுனம்மான்னு நம்ம ஆயா பேரு கீதும்மா," என்றாள் என் மகள்.

"இன்னாடி இது?" என்று ரேவதியின் காதில் கேட்டேன்.

"டிசைன் சூப்பரா கீதுன்னு அப்படியே செஞ்சேன். நீ வேற எதுனா பண்ணிக்கோ."

எல்லோரும் பாடினார்கள். நானும் சிரித்தபடி கைதட்டினேன். மகள் தட்டவில்லை, என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரேவதி எனக்குச் செய்த துரோகத்தை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். மகளுக்கு நான் செய்ததை இன்றுதான் எழுதுகிறேன்.